அறுக்காத கதவு

வீட்டைவிட உயரமாக ஒரு வாசற்கதவு எங்களுக்கு வந்து சேர்ந்தது. மண்டி மொஹல்லாவில் இடித்துக்கொண்டிருந்த பழைய மாடிக் கட்டடத்திலிருந்து அப்பா அதை நிலையோடு வாங்கி வந்திருந்தார். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் வாசலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் போட்டாகிவிட்டது. நிலை அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

“அளக்கலையாப்பா?”

“அங்க அந்தச் சுவத்துல இருக்கறப்ப சின்னதாத்தான் தெரிஞ்சுது, கண்ணு.”

“பேசாம கதவ நிக்க வெச்சு, அதுக்குத் தக்கன வீட்டக் கட்டுங்க” என்றாள் அம்மா.

ஆசாரி அறுத்துவிடலாம் என்றார். ஆனால் நிலையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கொடி செதுக்கியிருந்தது. எங்கே அறுத்தாலும் அது துண்டாகும். ஹெப்பாள் தொழிற்சாலையில் சுமை ஏற்றும் அப்பா, இந்த வீட்டில் தனக்கென்று ஆசைப்பட்டது அந்தக் கொடியை மட்டும்தான். “அறுக்கட்டும், உடு” என்றவர் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறு யோசனை. இவ்வளவு உயரத்துக்கு வாசல் வைத்து அங்கே யாரை உள்ளே விட்டிருப்பார்கள்? வேறு கதவு ஏதாவது மிச்சம் இருக்குமா? ஆசாரியை மறுநாள் மதியத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டு, காலையில் அப்பாவோடு பஸ் ஏறினேன்.

கட்டடத்தின் முன்பாதி போய்விட்டிருந்தது. அது முன்பு லாட்ஜ் என்றார் எதிர்ப்புற டீக்கடைக்காரர். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “லாட்ஜ் அல்லா சாமி, ஆஸ்பத்ரெ” என்று கன்னடத்தில் திருத்தினார்; லாட்ஜ் இல்லையாம், ஆஸ்பத்திரியாம். இடிக்கும் மேஸ்திரி தர்மபுரிக்காரர். அவரையும் கேட்டேன்.

“நான் வர்றப்ப உள்ள புறாதான் தம்பி இருந்துச்சு. அதுங்களக் கேளு.”

உள்ளே போய்ச் சுவரை நகத்தால் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சுண்ணாம்பு. இருவர் சொன்னதுமே உண்மையாக இருக்கலாம். பின்பக்கம் கரி படிந்த சமையலறை ஒன்று. அதன் குட்டை வாசல் நிலையிலும் அதே கொடி! சமையல்காரரைத் தவிர யாரும் பார்க்காத இடத்தில் எதற்காகச் செதுக்கினார்கள்?

அப்பாவைக் கூப்பிட்டேன். டேப்பைப் பிடித்துப் பார்த்தோம். எங்கள் லிண்டலுக்குக் கீழே சரியாக நிற்கும்.

“குட்டைய யாரும் கேக்கல” என்றார் மேஸ்திரி. “நெட்டையத்தான் ரிசார்ட்டுக்காரங்க தேடுறாங்க. அதக் கொண்டாந்து குடுத்துட்டு இத எடுத்துக்கங்க. ஆனா இப்பவே பேத்தெடுக்கணும், மதியம் இங்க ஜேசிபி வந்துரும்.”

நிலையைப் பெயர்க்க, மேலே இருக்கும் சுவரை முதலில் இறக்க வேண்டும். ஆட்கள் கடப்பாரையோடு ஏறினார்கள். நான் இன்னும் அறையைப் பார்த்து முடிக்கவில்லை. மூலையில் ஒரு மாடம் இருந்தது. அதற்குள் எண்ணெய்க் கறை.

“ஒரு நிமிஷம்ணா.”

“இன்னும் என்ன தம்பி?”

“இங்க எத்தன பேருக்குச் சமைச்சிருப்பாங்கன்னு...”

நிலையின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருந்த அப்பா என்னைப் பார்த்தார். “கதவு முழுசா வேணுமா, வேண்டாமாடா?”

போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சுவர் இறங்கியது. கரி படிந்த அறைக்குள் வெயில் விழுந்தது. கொடியில் ஓர் இலைகூட உடையவில்லை.