உதவி வைத்தியரும் என் இடது காலும்

‘உதவி வைத்திய அதிகாரி’ என்றால், டொக்டர் வரும்வரை நோயாளிகளை வாங்கில் வரிசையாக இருத்தி வைப்பவர். ஐம்பத்திரண்டு வயது வரை இப்படித்தான் நம்பியிருந்தேன். சிரியுங்கள், பரவாயில்லை... இரண்டு கிழமை இந்தப் பத்தியில் என்னைக் காணாததற்கும் அதுதான் காரணம்.

இறக்கக்கண்டிக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போன நான், வலையிலிருந்து விழுந்து கிடந்த கெளுத்தியை மிதித்துவிட்டேன். முள் செருப்பையும் துளைத்துச் சின்ன விரலில் ஏறியது. நொண்டிக்கொண்டு பக்கத்து ஊர் அரசாங்க மருந்தகத்துக்குப் போனேன்.

அங்கே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முள்ளை எடுத்து, கழுவி, ஊசி போட்டார். சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். (சீனியில் ‘கொஞ்சம்’ என்று ஒன்று உண்டா?) மருந்து கொடுப்பவர் அன்று லீவு. மருந்துத் துண்டை எழுதியவரும் அவர்தான், குளிசையைக் கடதாசி உறையில் போட்டுத் தந்தவரும் அவர்தான்.

“ஏழு நாளும் விடாமப் போடுங்கோ. சீனிக்காரருக்குக் கால் விளையாட்டில்லை.”

வீட்டுக்கு வந்து இரண்டு குளிசை போட்ட பிறகுதான் துண்டில் குத்தியிருந்த றப்பர் சீலில் என்ன இருக்கிறதென்று வாசித்தேன். உதவி வைத்திய அதிகாரி.

டொக்டர் இல்லாத ஒருவர் மருந்து எழுதலாமா? எழுதியதை அவரே கொடுக்கலாமா? இது குற்றமென்றால், விழுங்கியவனும் உடந்தையா? உறையை வழக்குச் சான்று போல அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மேலிடத்துக்கு மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். சட்டத்தரணியான என் மச்சானுக்குப் போன் அடித்தேன். கொழும்பில் வழக்கு — எடுக்கவில்லை.

மனைவி மட்டும் பதறவில்லை. “இஞ்சேருங்கோ, வருத்தம் உங்களுக்கோ, அந்த மனுசன்ர சீலுக்கோ? பேசாமக் குளிசையைப் போடுங்கோ.”

சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்றேன். மூன்று நாள் சட்டத்தோடு இருந்தேன். வலி தாங்க ஏலாமல், சந்திக் கடைக்காரர் தந்த ஏதோ களிம்பைப் பூசினேன். பருப்பு நிறுத்த கையாலேயே எடுத்துத் தந்தார். அவரிடம் நான் எந்தப் பதிவும் கேட்கவில்லை! நமக்கு இப்படி ஒரு பழக்கம் — முள்ளை எடுத்த கையை மறந்துவிடுவோம், பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் பார்ப்போம்.

நாலாம் நாள் மச்சானே எடுத்தான். நான் யாரோ ஒரு நண்பருக்காகக் கேட்பது போல விசாரித்தேன்.

“அவையள் படிச்சு, மருத்துவ சபையில பதிஞ்ச ஆக்கள் மச்சான். எழுதவும் ஏலும், குடுக்கவும் ஏலும். டொக்டர்மார் போகாத ஊருகளில கனகாலமா அவையள்தானே பாக்கினம். பதிவில்லாமல் மருந்து குடுக்கிறவனுக்குத்தான் சட்டம் பாயும். ஏன், உன்ர நண்பருக்கு என்ன?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் காலைப் பார்த்தேன். விரல் கறுத்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் துண்டை வாங்கி வாசித்தார். சரியான மருந்தைத்தானே தந்திருக்கிறார், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே மனைவி பதில் சொன்னாள்.

“இவர் சட்டம் பாத்தவர், டொக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை என் இடது காலின் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள்.