அன்பரசிக்கு எத்தனை வயசு?

ராணியம்மாள் யாரையும் நம்பமாட்டாள். புதூர்நாட்டு மலைப் பக்கம் இது ஊரறிந்த சங்கதி. பலாப்பழம் வாங்க வருகிறவன் தராசை எடுத்தால், தட்டைத் திருப்பி அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று முதலில் அவள்தான் தடவிப் பார்ப்பாள். ஊசி போட வரும் நர்சம்மா மருந்துக் குப்பியை அவள் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். ரேஷன் கடையில் ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள் என்றால் போச்சு, அன்றைக்கு வரிசை நகராது. "மழ வருதுன்னு சொன்னாக்கூட இந்தம்மா கைய வெளிய நீட்டிப் பாத்துட்டுதான் ஒத்துக்கும்" என்பான் ஜீப் ஓட்டும் சின்னராஜ். அதற்கும் அவள் விடமாட்டாள். "நீ சொன்னா வானத்தையே சந்தேகப்படணும்டா" என்பாள்.

இப்படிப்பட்டவளுடைய மகள் கோகோ ஆட்டத்தில் பெரிய ஆளாக வந்து தொலைத்தாள்.

அன்பரசி உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மலையில் பிறந்த கால். துரத்த ஆரம்பித்தால் விடமாட்டாள். பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் அவளைச் சேர்த்தது விளையாட்டு ஆசிரியை வெண்ணிலா. ஒடுகத்தூர்க்காரி, தினமும் பஸ் பிடித்து மலையேறி வருகிறவள். அணி குறுவட்டத்தில் ஜெயித்தது. மாவட்டத்தில் ஜெயித்தது. மாநிலப் போட்டியில் அரையிறுதி வரை போய்த் தோற்றது. ஒவ்வொரு படிக்கும் ராணியம்மாளிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் கூடப் போகிறார்கள், எங்கே படுப்பார்கள், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, சாப்பாடு யார் போடுவது. வெண்ணிலாவும் சளைக்காமல் பதில் சொன்னாள். ஒரு தடவை தாழ்ப்பாளைப் படம் எடுத்தே அனுப்பினாள்.

ஆனால் தேசியப் போட்டிக்குத் தமிழ்நாட்டு அணியைத் தேர்ந்தெடுத்தபோதுதான் ராணியம்மாளுக்குச் சந்தேகம் தலைக்கேறியது. இந்தப் பள்ளியிலிருந்து அன்பரசியையும் மஞ்சுளா என்ற பெண்ணையும் மட்டும் எடுத்திருந்தார்கள். போட்டி மத்தியப் பிரதேசத்தில்.

"பன்னெண்டு பேரு சேந்துதான ஆடுனாங்க? ரெண்டு பேர மட்டும் கேக்கறாங்கன்னா, இன்னா அர்த்தம்? மீதி பத்து பேரோட அம்மாங்க ஏன் சும்மா கீறாங்க?"

"யம்மா, மாநில டீம்னா எல்லா ஊர்லருந்தும் பொறுக்கி எடுப்பாங்கம்மா. அதான் வழக்கம்" என்றாள் அன்பரசி.

"பொறுக்கி எடுக்கறதுதான்டி எனக்குப் பயமா கீது."

அதோடு இன்னொரு தலைவலி வந்து சேர்ந்தது. பள்ளிப் பதிவேட்டில் அணியின் பன்னிரண்டு பேரில் அன்பரசி உட்பட ஏழு பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தநாள். மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டில் பிறந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது, தேதி தெரியாது என்றால் வாத்தியார் பள்ளி திறக்கிற நாளையே எழுதிவிடுவார். கீழேயிருந்து வந்த அதிகாரிகளுக்கு இது தெரியுமா? ஏழு பெண்களும் ஒரே நாளில் எப்படிப் பிறந்தார்கள் என்று கேட்டார்கள். தேசியப் போட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். 2012 ஜனவரி ஒன்றுக்கு முன் பிறந்தவர்கள் ஆட முடியாது. சான்றிதழ் இல்லாவிட்டால் தாசில்தார் ஆபீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று அலைந்து புதிதாக வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்து வயதைச் சொல்வார்களாம்.

"ஓடுறது காலு. கைய எதுக்குப் படம் புடிக்கணும்?" என்றாள் ராணியம்மாள். "அதெல்லாம் ஒண்ணும் வாணாம். சார்ட்டிபிகேட்டும் கிடையாது."

மஞ்சுளாவிடம் சான்றிதழ் இருந்தது, கொடுத்துவிட்டாள். அன்பரசியுடையது மட்டும் பாக்கி. மாதக் கடைசி வரைதான் கெடு. வெண்ணிலா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் அதே பதில். கடைசியில் கர்நாடகத்தில் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்த கோவிந்தனுக்கு, ராணியம்மாளின் புருஷனுக்கு, போன் போட்டாள். அந்த மனுஷன் பாவம், சுற்றிலும் மெஷின் சத்தத்தில் என்ன கேட்கிறார்கள் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டான். "சார்ட்டிபிகேட்டா? தகரப் பெட்டியில கீதே டீச்சர்."

சனிக்கிழமை காலையில் வெண்ணிலா அன்பரசியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். ராணியம்மாள் களத்தில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் வரும் வேகத்தைப் பார்த்ததுமே முறத்தைக் கீழே வைத்தாள்.

"ராணிம்மா, பெட்டியில சான்றிதழ் இருக்குதாமே? உங்க வூட்டுக்காரர் சொன்னாரு."

"அவரு ஆயிரம் சொல்வாரு. அது இல்ல இது."

"எது இல்ல எது? நீங்க எதையோ மறைக்கறீங்க. எனக்கு நேராவே சொல்லுங்க, பொண்ணுக்கு வயசு கூடவா? நாளைக்கு மாட்டுனா மாவட்ட ஜெயிப்பையே ரத்து பண்ணிடுவாங்க. மத்த பதினோரு பொண்ணுங்களும் திருட்டுப் பட்டம் சுமக்கணும்."

வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவளை முதல் தடவையாக இன்னொருத்தி சந்தேகப்பட்டுக் கேட்டாள். அந்த நேரத்தில் அன்பரசி உள்ளே போய்விட்டாள். சாவி எந்தப் பானையில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ராணியம்மாள் "ஏய், தொடாத!" என்று ஓடுவதற்குள் பெட்டி திறந்தாகிவிட்டது.

பழைய பட்டுப் பாவாடைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த காகிதம். அன்பரசி சத்தமாகப் படித்தாள். பெயர் அன்பரசி. பெண். தந்தை கோவிந்தன், தாய் ராணியம்மாள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரி. பிறந்த தேதி பதினான்கு, மூன்று, இரண்டாயிரத்துப் பத்து.

வெண்ணிலா நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பதினஞ்சு வயசா? என்னம்மா இப்படிக் கழுத்தறுத்துட்டீங்க! நான் உங்க பொண்ணுக்காக எத்தன பேருகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

அன்பரசி அழவில்லை. காகிதத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நான் ஏமாத்தித்தான் ஜெயிச்சேனா?"

ராணியம்மாள் எதை வேண்டுமானாலும் பொறுத்திருப்பாள். இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை.

"அது நீ இல்லடி" என்றாள்.

"பேரு என்னுதுதான?"

"பேரு அவளுது. அப்புறம்தான் உனக்கு வெச்சோம்."

பிறகு நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் அன்பரசி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். சான்றிதழில் பெயர் இல்லாமல் வெறுமனே 'பெண் குழந்தை' என்று எழுதப் பார்த்தார்கள். பேரை எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ராணியம்மாள் நின்று எழுத வைத்தாள். பிள்ளைக்குப் பத்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. மலையிறங்கித் தூக்கிக்கொண்டு போனபோது அடிவாரத்தில் ஒரு மருந்துக்கடைக்காரன், "சாதாரணக் காய்ச்சல்தாம்மா, இத்தக் குடு, வூட்டுக்குப் போ" என்றான். அவள் நம்பினாள். திரும்பிவரும் வழியிலேயே பிள்ளை போய்விட்டது. அதற்கப்புறம் அவள் யாரையும் நம்பவில்லை.

"ரெண்டு வருசம் கழிச்சு ஐப்பசி மழையில, இதே வூட்டுல நீ பொறந்த. போனவதான் திரும்பி வந்துட்டான்னு உங்கப்பன் அதே பேர வெச்சாரு. திரும்பி வந்தவகிட்ட, நீ ஒருவாட்டி செத்துப் போனன்னு எப்பிடிடி சொல்வேன்?"

களத்தில் கோழிகள் சாமையைக் கொத்திக்கொண்டிருந்தன. விரட்ட ஆளில்லை.

வெண்ணிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சொன்னதை நம்பினாளா இல்லையா என்று ராணியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பாதி நம்பிய முகம்தான் அது. ராணியம்மாளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். முப்பது வயதிலிருந்து கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"டீச்சர், அந்தக் கைப் படம் எங்க எடுக்கறாங்க? இன்னைக்கே போலாம். எலும்பு பொய் சொல்லாது இல்ல?"

சின்னராஜின் ஜீப்பில் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை என்று டாக்டர் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி இறங்கினார்கள். அன்பரசியின் இடது கையை மேசையில் வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூட்டுகள் இன்னும் கூடவில்லை, பதிமூன்று வயதுதான் இருக்கும் என்று எழுதிக்கொடுத்தார். ராணியம்மாள் அந்தப் படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க கீது பதிமூணு?" என்று கேட்டாள். டாக்டர் சிரிக்காமல் விரல் வைத்துக் காட்டினார். வெண்ணிலா ராணியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா பேசிட்டேம்மா" என்றாள். "சந்தேகம் வந்தா கேக்கறதுதான் டீச்சர், அதுல இன்னா தப்பு?" என்றாள் ராணியம்மாள்.

அது முடிந்தது என்று பார்த்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேறு கதை. கிளார்க் கோபால்சாமி நல்ல மனுஷர்தான். மலைக்கு வரும் நர்சம்மாவின் பழைய நோட்டில் 2012 ஐப்பசிப் பிரசவம் எழுதியிருந்ததைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"அம்மா, இதே அப்பா, இதே அம்மா, இதே பேர்ல ஒரு பொண்ணு கணக்குல ஏற்கெனவே இருக்கு. அது உயிரோட இருக்கற வரைக்கும் இந்தப் பொண்ணு வேறன்னு நான் எப்படி எழுதறது? மொதல்ல அந்தக் குழந்தையோட இறப்ப பதிவு பண்ணணும். பதினாலு வருஷமா ஏன் பண்ணல?"

பதிந்தால் பெட்டியிலிருக்கும் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ராணியம்மாளுக்குச் சந்தேகம். பெட்டிக்குள் அது இருக்கிற வரைக்கும் சர்க்கார் கணக்கிலாவது அவள் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அன்பரசி பக்கத்திலேயே நின்றாள். "யம்மா, வாணாம்னா வூட்டுக்குப் போய்டலாம். நான் அடுத்த வருசம் ஆடிக்கறேன்" என்றாள். அடுத்த வருடம் அவள் இந்த அணியில் ஆட முடியாது, வயது தாண்டிவிடும். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

"குடுங்க" என்று படிவத்தை வாங்கினாள் ராணியம்மாள். எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து படித்தாள். பெயர் என்ற இடத்தில் கிளார்க் 'பெண் குழந்தை' என்று எழுதியிருந்தார்.

"பேரு எழுதுங்க."

"பத்து மாசக் குழந்தைதானம்மா, இப்படியே போட்டுக்கலாம்."

"பேரு எழுதினாத்தான் கையெழுத்து."

கோபால்சாமி ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடித்து, அன்பரசி என்று எழுதினார். ராணியம்மாள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

பத்து நாளில் பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழும் கைக்கு வந்தன. வெண்ணிலா அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பினாள். அன்பரசியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது என்று மத்தியானமே பதில் வந்தது. ஜீப் மலையேறும்போது ராணியம்மாள் மடியில் இரண்டு காகிதங்களும் தனித்தனி உறையில் இருந்தன. ரயிலில் பொம்பளை டீச்சர் எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் போன் நம்பர் என்ன என்று வெண்ணிலாவைக் குடைந்துகொண்டே வந்தாள். வெண்ணிலா பாதி வழியில் தூங்கிவிட்டாள்.

அன்பரசி ரொம்ப நேரம் எதையோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அக்கா இருந்திருந்தா இந்த வருசம் அண்டர் செவன்டீன் டீம்ல ஆடியிருக்கும் இல்ல?"

அக்கா என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ராணியம்மாள் ஜீப்புக்கு வெளியே பார்த்தபடி தலையாட்டினாள்.

"நல்லா ஓடியிருக்குமா?"

"ஓடறதா? தவழ்ற வயசுலயே அவள யாராலும் புடிக்க முடியாதுடி" என்றாள் ராணியம்மாள். "முறத்த எடுத்துத் திரும்பறதுக்குள்ள களத்தத் தாண்டிப் போயிருப்பா."