வாயைத் திறந்த சாட்சி

பெங்களூரில் எங்கள் அடுகோடி வீட்டுக்குத் திருடன் வந்த அன்று நானும் என் கணவரும் ஓசூரில் ஒரு கல்யாணத்தில் அட்சதை போட்டுக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தால் பீரோ திறந்து கிடக்கிறது; என் கல்யாண ஆரத்தைக் காணோம். மடித்து வைத்த புடவைகளை அவன் கலைக்கக்கூட இல்லை. என் கணவரைவிட ஒழுங்கானவன்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிய ஏட்டு, "பில் இதியாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் அம்மா போட்ட நகைக்குப் பில்லுக்கு எங்கே போவது?

"இல்ல சார்."

"அப்ப அது உங்களதுதான்னு எப்படிம்மா நம்பறது?"

திருடனிடம் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னார். வைத்தேன். பீரோவில்தான் இடம் தாராளமாக இருந்ததே.

ஐந்து மாதம் கழித்து வேறொரு வழக்கில் அவன் பிடிபட்டான். ஆரத்தை அடகுக்கடையில் வைத்ததாகச் சொல்லியிருக்கிறான். அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். அதேதான். கையை நீட்டினேன். இன்ஸ்பெக்டர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்ப இது கேஸ் ப்ராப்பர்ட்டிம்மா. கோர்ட்ல கேட்டு வாங்கிக்குங்க."

மர்பி டவுனில் ஒரு தமிழ் வக்கீலம்மாவைப் பிடித்தோம். வழக்கு முடியும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் இடைக்காலமாக ஒப்படைக்கச் சொல்லி மனு போடலாம் என்றார்.

"கேஸ் எப்ப மேடம் முடியும்?"

"உங்க பொண்ணு என்ன படிக்கிறா?"

"ஆறாவது."

"அவ கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிடும்."

மனுவே போடச் சொன்னேன்.

ஆதாரத்துக்குக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினோம். எல்லாப் படத்திலும் ஆரத்தை மாலை மூடியிருந்தது. பந்தியில் எடுத்த ஒரே படத்தில்தான் கழுத்தில் மாலை இல்லை. அதில் கணவர் ஜாங்கிரி ஊட்ட, நான் கடைவாய்ப் பல் தெரிய வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். "இதவிட நல்ல எவிடென்ஸ் கிடைக்காது" என்று பூரித்துப்போனார் வக்கீலம்மா.

அடகுக்கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. நம்பி வாங்கியதாகவும் நகை தனக்கே சேர வேண்டுமென்றும் ஆட்சேபம் தெரிவித்தார். படத்தில் இருப்பது நான்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவருடைய வக்கீல் கேட்டார். நீதிபதி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"அவங்கதான் சார், ஊட்டறது நான்தான்!" என்று பின்வரிசையிலிருந்து என் கணவர் எழுந்து கத்தினார். கோர்ட்டே சிரித்தது. அவரை உட்காரச் சொன்ன நீதிபதிக்கும் உதடு துடித்தது.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மா இப்போது இல்லை. அவள் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த பொருள் என்று என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். மனுவில் அதை எழுத இடம் இல்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. பிணைப்பத்திரம், ஒரு ஜாமீன்தாரர், நாலு பக்கமும் எடுத்த போட்டோ. விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டி வாங்கிவந்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் கொக்கி உடைந்திருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை என்றார் பத்தர். எதற்கும் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ, தொடாதீங்க! அதுக்கு கோர்ட் பர்மிஷன் வேணும்."

மனு போட்டிருக்கிறோம். அடுத்த மாதம் வாய்தா. அதுவரை பின்கழுத்தில் ஊக்குக் குத்திக்கொண்டு, தலைமுடியைத் தழையவிட்டுக் கல்யாணங்களுக்குப் போய்வருகிறேன்.