வாளியில் ஊறும் காம்பு

காளியம்மாள் மண்வெட்டியைத் தலைகீழாக வாளித் தண்ணீரில் இறக்கினாள். காம்பு ஆடிக்கொண்டிருந்தது. ஊறினால் மரம் உப்பி இரும்பின் துளையை இறுக்கிக்கொள்ளும். அவள் கணவன் இளவழகனுக்கு வரப்பு வெட்டத் தெரியும். காம்பு ஊறும்வரை காத்திருக்கத் தெரியாது. அதனால் அந்த வேலை எப்போதும் அவளுடையது.

ஒரு குறுவைச் சாகுபடியில் தண்ணீர் வாய்க்காலின் கடைசியில் இருந்த கடைமடை வயலுக்கு வரவில்லை. இளவழகனின் நாற்று கருகியது. வாய்க்காலை அடைத்தது யார் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். அடைத்ததைப் பார்த்தவள் அவள். “எங்கண்ணன்தான்” என்றாள்.

“குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு!” என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டுப் போன அண்ணன் ரெத்தினம், அதற்குப் பிறகு அவளிடம் பேசவேயில்லை. அதுவரை, அவள் பிள்ளை பெற்ற பிறகும்கூட, அவளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து “பாப்பா” என்று கூப்பிட்டவன்.

எதிர்வீட்டுத் தமிழ் டீச்சர் செம்மொழியிடம் ஒருநாள் கேட்டாள். “காம்புன்னா கெட்ட வார்த்தையா டீச்சர்?”

“சேச்சே! பூவைச் செடியோட பிடிச்சு வச்சிருக்கறது காம்பு. அந்தப் பேருதான் கருவியோட கைப்பிடிக்கும் வந்திருக்கணும். பழைய தமிழ்ல மூங்கிலுக்கே காம்புன்னு பேரு உண்டு. கோடாலிக்குக் காம்பா போறதும் ஒரு மரம்தானே, அது தன் இனத்தையே வெட்டுதேன்னு பழமொழி கட்டிட்டாங்க.”

“என்னைக் காம்பாக்குன்னு எந்த மரம் கேட்டுச்சாம்?” என்றாள் காளியம்மாள். டீச்சர் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வாளியை ஓரமாக நகர்த்தும்போது வாசலில் செருப்புச் சத்தம். ரெத்தினம். கையில் வெற்றிலைபாக்குத் தட்டு, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை.

“வாங்க மச்சான், உக்காருங்க” என்று இளவழகன் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“பெரியவனுக்குக் கல்யாணம் மாப்ளே. குடவாசல்ல மண்டபம். குடும்பத்தோட வந்துடணும்.”

“அத்தைக்காரியைத் தனியா ஒரு வார்த்தை கூப்பிட மாட்டீங்களா?” என்றான் இளவழகன்.

“குடும்பம்னா எல்லாரும்தானே.”

“எங்க பசுமாடும் குடும்பந்தான். அதையும் வேன்ல ஏத்திட்டு வரட்டுமா?”

ரெத்தினத்தின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம். காளியம்மாள் டீ கொண்டுவந்தாள், அவனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக. அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான், முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கடைசிச் சொட்டுவரை குடித்தான். அடியில் தங்கிய சர்க்கரையைப் பழைய வழக்கம்போல ஒருமுறை சுழற்றிக் குடித்ததை அவள் பார்த்தாள்.

அதைப் பார்த்ததும் வாய் அடங்கவில்லை.

“அண்ணே, கல்யாணத்துக்கு நான் வர்றேன். மண்டபத்துல என்னை என்னன்னு கூப்பிடுவே?”

இளவழகன் வாங்கிய தட்டைப் பிடித்தபடி நின்றான். ரெத்தினம் டம்ளரைத் தரையில் வைத்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். எழுந்தவன் வாளியில் ஊறிக்கொண்டிருந்த மண்வெட்டியின் காம்பைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு நிலைப்படியில் தலை குனிந்து வெளியே போனான்.