மார்லீனின் வாளிச் சத்தம்

மார்லீன் ஹார்யு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பெரிய ஏரியிலிருந்து வரும் பனிக்காற்று முகத்தில் அறைகிற அந்த ஊரில், ஒரு பிள்ளையைக்கூட அவள் சாலையோரம் காக்க வைத்தது கிடையாது. அவள் ஹாரன் அடித்தால் பிள்ளைகள் ஓடிவரும். வாளியை ஆட்டினால் மான்கள் வரும்.

இலையுதிர்காலம் தொடங்கியதும் பெட்ரோல் பங்க் வாசலில் கேரட் மூட்டைகள் அடுக்கியிருப்பார்கள். மனுஷன் தின்னாத கோணல் கேரட், மானுக்கென்றே விற்பது. மார்லீன் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வருவாள். பள்ளி விட்டு வந்ததும் அடிபட்ட ஆப்பிள்களையும் சேர்த்து நறுக்கி, பழைய பெயின்ட் வாளியில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் காடு தொடங்கும் இடத்தில் கொட்டுவாள். கொட்டும் முன் வாளியைக் கடகடவென்று ஆட்டுவாள். அந்தச் சத்தத்துக்கு மரங்களுக்கு நடுவே காதுகள் நிமிரும்.

நவம்பரில் வேட்டைப் பருவம் தொடங்குகிற நாளில் பள்ளிக்கூடமே விடுமுறை. வேட்டைக்காரர்கள் அடையாளத்துக்குப் போடுகிற ஆரஞ்சுச் சட்டை இல்லாத ஆளை அன்று ஊரில் பார்க்க முடியாது. மார்லீன் ஒளிந்து சுடுவதற்கான பலகை மறைப்புக்குள் காப்பியோடு உட்கார்ந்து, கேரட் குவியலுக்கு வந்து நிற்கிற ஓர் ஆண் மானை ஒரே தோட்டாவில் சாய்ப்பாள். வருஷத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

அவள் தம்பி வெர்னுக்கு இது ஆகவே ஆகாது. அவன் காலடித் தடம் பார்த்து நாள் முழுக்கப் பனியில் நடக்கிற ரகம். பல வருஷம் வெறுங்கையோடு திரும்புவான், அதில் ஒரு பெருமை வேறு. சனிக்கிழமை சானா என்கிற நீராவி அறையில் வியர்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் இதே வாய்ச்சண்டைதான்.

"விருந்துக்குக் கூப்பிட்டு கழுத்த அறுக்குறதுக்குப் பேரு வேட்டையாக்கா?"

"நீ வயித்துல சுட்டு சதுப்புல தொலைச்சியே ஒரு மானு, அதுகிட்டப் போய் கேளு. எந்தச் சாவு நல்ல சாவுன்னு அது சொல்லும். என் மானுக்கு வாயில கேரட் இருக்கும்போதே கத முடிஞ்சிடும். வலியும் தெரியாது, பயமும் தெரியாது."

"அதத்தான் நானும் சொல்றேன். மானுக்கு இருக்குற ஒரே சொத்து பயம். அதப் புடுங்கிட்டு அப்புறமா சுடுற."

"போடா, பெரிய சாமியாரு!"

அந்த வருஷமும் முதல் நாளே ஒரு கொழுத்த ஆண் மான் விழுந்தது. பாதியை சாசேஜாக அடைத்து மகள் கிரிஸ்டாவுக்குக் கொடுத்தாள். கிரிஸ்டா மாசமாக இருந்தாள், வயிறு முன்னால் தள்ளிவிட்டது. வேறெதுவும் வாய்க்குப் பிடிக்காமல், அம்மாவின் மான் சாசேஜை மட்டும் மூன்று வேளையும் தின்றாள். மார்லீனுக்கு மனசு நிறைந்துபோனது.

அடுத்த வாரம் ஒரு மாலை வாளியோடு போனபோது, குவியலில் ஒரு பெண் மான் ஏற்கெனவே நின்றது. கிழிந்த காது. எல்லா வருஷமும் குட்டியோடு வருகிறவள்தான். ஆனால் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலை தொங்கியது, வாயிலிருந்து எச்சில் கயிறாக வடிந்து கேரட் மேல் சொட்டியது. மார்லீன் பக்கத்தில் போனாள். அது ஓடவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. அது பார்த்த பார்வையில் மார்லீன் இருப்பதே தெரியவில்லை.

மானை உருக்கிக் கொல்கிற அந்த நோயைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது, எங்கேயோ தெற்கே இருக்கிறது என்று. எச்சிலில் பரவும், மண்ணில் தங்கும், மருந்து கிடையாது. மனுஷனுக்கு வந்ததாகத் தெரியவில்லை என்பார்கள். வரவே வராது என்று மட்டும் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் சுட்ட ஆண் மானும் இந்தக் கிழிந்த காதுக்காரியும் அந்த மாதம் முழுக்க இதே குவியலில் மூக்கோடு மூக்கு உரசித் தின்றவை. காட்டில் தனித்தனியாக மேய வேண்டியவற்றை ஒரே தட்டில் உட்கார வைத்தது யார்? வாளி கையை விட்டு விழுந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு கிரிஸ்டா வீட்டுக்குப் பறந்தாள். அடுப்பில் சாசேஜ் சுருசுருவென்று வெந்துகொண்டிருந்தது. வாணலியைப் பிடுங்கி, கதவைத் திறந்து, பனியில் வீசினாள்.

"அம்மா! பைத்தியமா உனக்கு?"

"தின்னுட்டியா? இன்னிக்குத் தின்னியா?"

"மத்தியானம் தின்னேன். நேத்தும் தின்னேன். என்னம்மா ஆச்சு? எதுக்கு இப்படி நடுங்குற?"

மார்லீன் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கிரிஸ்டா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வாளியாலதானம்மா?"

பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க மார்லீனுக்கு அன்று பயமாக இருந்தது.

ஆண் மானின் தலை, கொம்புக்காக வேகவைக்கலாம் என்று கொட்டகைக் கூரைமேல் பனியில் போட்டது, அப்படியே கிடந்தது. அதைப் பையில் கட்டி வனத்துறை ஆளிடம் சோதனைக்குக் கொடுத்தாள். பதில் வர வாரக்கணக்காகும் என்றான். அந்தப் பெண் மானையும் உடனே சுட்டுக் கொண்டுவரச் சொன்னான். விட்டால் போகிற இடமெல்லாம் நோயை விதைக்கும்.

மார்லீன் குவியலை மண்ணோடு வாரி எடுத்தாள். வெர்ன் தடம் பார்த்துத் தேடிக் கிளம்பினான். இரண்டு முறை போனான். தடமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டு, எல்லாமே அக்கா வீட்டுக் கொல்லையில் வந்து முடிந்தது.

"அக்கா." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். "நீ வாளிய ஆட்டு. அதுக்குத்தான் அது வரும்."

"நீயாடா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். வேற வழி தெரியல."

இத்தனை வருஷம் வாளிக்காக வாய் ஓயாமல் வாதாடியவளுக்கு இப்போது அதைத் தொடவே கை வரவில்லை. தொட்டாள். நாலு கேரட்டைப் போட்டு, வெற்றுத் தரையில் நின்று ஆட்டினாள். கடகட, கடகட. வெர்ன் துப்பாக்கியோடு மறைப்புக்குள் இருந்தான்.

கிழிந்த காதுக்காரி மரங்களுக்கிடையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தாள். பின்னால் குட்டி. மார்லீன் பின்வாங்குவதற்குள் அது நேரே அவளிடமே வந்து, எச்சில் வடிகிற மூக்கை வாளிக்குள் விட்டது. மூச்சின் சூடு கையுறையைத் தாண்டிப் பட்டது. மார்லீனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாளியை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து மறைப்புக்குள் போனாள்.

வெர்ன் துப்பாக்கியை உயர்த்திவிட்டுத் தாழ்த்தினான்.

"முடியலக்கா. தல வாளிக்குள்ள இருக்கு. அது பாக்கக்கூட இல்ல."

"குடு இங்க. நான் கூப்பிட்டு வந்தது."

ஒரே தோட்டா. வாயில் கேரட்டோடுதான் விழுந்தது. வலி தெரியவில்லை, பயமும் தெரியவில்லை. அவள் எப்போதும் சொன்னபடியேதான்.

பெரிய பயம் அதற்கு அடுத்துதான் வந்தது. குட்டி நாலடி துள்ளி ஓடி நின்றது. திரும்பிப் பார்த்தது. பிறகு தாயைத் தாண்டி வந்து அதே வாளியில் மூக்கை நுழைக்கப் போனது.

"ஐயோ! வேணாம்! போ!" என்று அலறிக்கொண்டே ஓடி மார்லீன் வாளியை எட்டி உதைத்தாள். குட்டி ஓடவில்லை. உருண்ட வாளியின் பின்னாலேயே போனது. வெர்ன் பாய்ந்து வாளியைத் தூக்கிக்கொண்டான். அதன் நாக்கு பட்டதா, படவில்லையா என்று இரண்டு பேருக்குமே நிச்சயமாகத் தெரியவில்லை.

அந்த வாரங்களில் மார்லீனுக்குச் சோறு இறங்கவில்லை. பேருந்துக் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் பிறக்காத பேரப்பிள்ளை நினைப்பில் வந்தது. கிரிஸ்டா ஃபோனில் "ம்", "சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் பதில் வந்தது. பெண் மானுக்கு அந்த நோய்தான். ஆண் மானில் நோய் காணவில்லை.

"காணலியா? இல்லவே இல்லையா?" என்று மார்லீன் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மகளை அழைத்தாள். அந்தப் பக்கம் கிரிஸ்டா விசும்பி அழுதாள். "அம்மா, குழந்த உதைக்குது, இப்பக்கூட உதைக்குது" என்றாள். மார்லீன் ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தது தன் சாமர்த்தியத்தால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆண் மான் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்து செத்ததால்தான்.

பின்கதவைத் திறந்தாள். கதவுச் சத்தம் கேட்டு, வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் நின்ற குட்டி தலையைத் தூக்கியது. தினமும் அப்படித்தான் வந்து நின்றது. தினமும் அவள் ஜன்னல் வழியாக அதன் விலாவைத்தான் பார்த்தாள். இன்னும் கொழுப்பு இருந்தது. எத்தனை நாளைக்கோ. காட்டுக்குள் அதைப் போல இன்னும் எத்தனையோ.

அது அவளை நோக்கி ஓரடி வைத்தது.

மார்லீன் பனிக்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தாள். விலாவில் போய்ப் பட்டது. குட்டி அதிர்ந்து நின்றது, என்ன தப்பு செய்தோம் என்று கேட்பது போல. இன்னொன்று எறிந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். பாத்திரத்தைத் தட்டினாள். குட்டி வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தது. அடுத்த நாளும் வந்தது, அடுத்த நாளும் அடி வாங்கியது. தீனி போட்டு வளர்த்த கையாலேயே அடிக்கிறோமே என்று அவள் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் விடவில்லை.

கிரிஸ்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்த வாரம், மார்லீன் தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள்.

"வெர்ன், இன்னிக்கு நான் வெறும் கையோடதான் வெளிய போனேன்டா. குட்டி மரத்தோரமா நின்னுச்சு. என்னப் பாத்ததும்..."

"என்னக்கா? எளைச்சுப் போச்சா?"

"இல்லடா. என்னப் பாத்ததும் பயந்து ஓடிடுச்சு."

"அதோட சொத்து அதுகிட்டயே போய்ச் சேந்துடுச்சுக்கா" என்றான் வெர்ன்.