சத்தம் குறைந்த ஸ்பிண்டில்

பக்கத்து வீட்டு அண்ணன் அந்தச் சின்ன மோட்டாரை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கோலார் தங்க வயலில் பிறந்த எங்களுக்கு ஒரு குணம் உண்டு. கனமில்லாத எதையும் மிஷின் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். சுரங்கத்தில் அப்பாக்கள் பார்த்ததெல்லாம் ஆள் சேர்ந்து தூக்கும் இரும்பு. அந்தப் பெருமை பிள்ளைகளான எங்களிடமும் ஒட்டிக்கொண்டது. "இன்னா தம்பி, இது ஷேவிங் மிஷினா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பெங்களூர் கம்பெனியில் வேலை போன பிறகு, தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் முன்னறையில் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை நானே கட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் வரைந்ததை மரத்தில் செதுக்கித் தரும் மிஷின். பெயர்ப்பலகை, சிலுவை, பூஜை அறைக் கதவு என்று ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் ஆர்டர் கேட்டு வைத்திருந்தேன். அலுமினியச் சட்டம் நன்றாகவே அமைந்துவிட்டது. அதில் தொங்கி, வெட்டும் பல்லைச் சுழற்றுகிற மோட்டாரான ஸ்பிண்டிலில்தான் சிக்கல். முதலில் ஆசாரிகள் கையில் பிடித்து ஓட்டும் ட்ரிம்மரை இரவல் வாங்கி மாட்டினேன். எடை குறைவு, வேகமும் உண்டு. ஆனால் அது போட்ட கூச்சலில் வாசலில் படுத்திருந்த நாய் இடம் மாறிப் போனது. தண்ணீரில் குளிரும் பெரிய ஸ்பிண்டில் சாதுவானது. அதன் கனத்தைத்தான் என் சட்டம் தாங்காது. எழுத்தெல்லாம் குளிரில் எழுதியது போல நடுங்கும்.

சத்தத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தது அண்ணனுக்காகத்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். மனைவி இறந்த பிறகு அவர் தனிக்கட்டை. பெங்களூர்க் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல் பார்த்துவிட்டு, காலை ரயிலில் வந்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டுப் படுப்பார். சாக்கு தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கம் யாரும் உரல் இடிக்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. சுரங்கம் மூடிய பிறகும் எங்கள் லைனில் அந்த வழக்கம் மூடவில்லை.

பெங்களூரில் இருந்த மகள் அவரை வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பகல் தூக்கமும் கெட்டால் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். லைனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதி வீட்டுக்காரர்கள் பெங்களூர் வேலைக்கு விடியும் முன்பே ரயிலேறிவிடுவார்கள். அவரும் போய்விட்டால் பகல் முழுக்க நான் ஒருத்தன்தான். கல்யாணமும் ஆகவில்லை. இதையெல்லாம் வாய்விட்டு அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதனால்தான் அவர் கேலி செய்த சின்ன ஸ்பிண்டிலையே மாட்டினேன். இலேசானது, சத்தமும் குறைவு, பலமும் குறைவு. ஆழமாக வெட்டச் சொன்னால் திணறும். மெல்லிய அடுக்கு அடுக்காகச் சீவ வேண்டும். மதியத்துக்குள் முடிகிற பலகை சாயங்காலம் வரை இழுக்கும். போகட்டும் என்று விட்டேன். போதாததற்கு மிஷினுக்கு அடியில் ரப்பர் விரித்து, சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து, கதவையும் சாத்திக்கொண்டேன். அவர் தூங்குகிறார் என்று நான் தட்டவில்லை. நான் வேலையில் இருக்கிறேன் என்று அவரும் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பார்த்தால் மழையைப் பற்றியும் ரயில் தாமதத்தைப் பற்றியும் பேசுவோம். அவர் தூக்கத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். சாமான் ஏற்ற வண்டியும் பேசியாகிவிட்டதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஷின் சத்தம் இன்னும் கேட்கிறதா, இன்னும் குறைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முன்னாடி அது கத்தும்போது, செவுத்துக்கு அந்தாண்ட நீ கீறன்னு தெரியும் தம்பி. அதைக் கேட்டுக்கினே தூங்கிடுவேன். இப்போ நீயும் பெங்களூரு போய்ட்ட மாரி கீது. ஒண்டியா படுத்துக்கினு மோட்டுவளையப் பாத்துனு கீறேன்."

அழுகை வந்தது, டீயைக் குடித்து அடக்கினேன். மறுநாளே ட்ரிம்மரை மாட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் வீட்டில் அறை ஒழித்து வைத்திருந்தார்கள், அந்த வாரமே வண்டியும் வந்துவிட்டது.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை பகலில் போன் செய்கிறார். போன வாரம் குரல் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்குகிறாராம். மகள் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே டெய்லர் கடை, பகலெல்லாம் தையல் மிஷின் ஓடுகிறதாம். நல்லதுணா என்றேன். எதிரே மிஷினில் ஒரு பெயர்ப்பலகை ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேசுவதைக் கேட்க ஸ்பிண்டிலை நான் அணைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.