ஈயம் கட்டிய பூச்சி

சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பழைய தோட்டம் ஒன்றை ஒட்டி ஆறு ஓடுகிறது. மழை விட்டதும் காரை நிறுத்தி இறங்குகிறேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருக்கிறார். பெயர் குணா, ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை என்கிறார். கரையில் அவருடைய மனைவி நிற்கிறார்.

கயிற்றின் நுனியில் இறகு சுற்றிய பொய்ப்பூச்சி. அது ஆழத்துக்குப் போவதற்காக ஈயமணி கட்டியிருக்கிறார். கம்பைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பின்னே கொண்டுபோய், எங்கும் நிறுத்தாமல் அகலமாகச் சுழற்றி, தலைக்கு மேலாக முன்னே விடுகிறார். கயிறு தொய்வதே இல்லை.

"ஏன் இவ்வளவு நிதானமா வீசுறீங்க?"

"கனமான பூச்சிண்ணே. வெடுக்குனு வீசுனா கயிறு தொஞ்சு நம்ம மேலயே வந்து அடிக்கும்லா." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். இடது கண் வெளுத்துக் கிடக்கிறது. "போன வருசம் அப்படித்தான் அடிச்சிருச்சு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் ஆத்துல இறங்குறேன். இவ விடவே இல்ல."

அவர் மறுபடி வீசுகிறார். எதிர்க்கரைப் பாறையடியில் பூச்சி விழுந்து மூழ்குகிறது. எந்த மீனும் தொடவில்லை. கயிற்றைச் சுருட்டியபடி மனைவியைப் பார்க்கிறார்.

"போலாமா?"

அந்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, சற்றுத் தள்ளி நிற்கிறார்.

"இவ்ளோ நேரம் கண்ண மூடிக்கிட்டுத்தான் நின்னேன். இன்னொரு தடவ வீசுங்க. பாக்குறேன்."